என் பெயரில் வந்த ரிப்போர்ட்

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் என் கணவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இத்தனைக்கும் நான் டீச்சர். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நாற்பத்திரண்டு பெயரை மூச்சு விடாமல் கூப்பிடுவேன். அதில் இரண்டு பிள்ளைகளுக்கு அவர் பெயர்தான். அந்த இரண்டு பேரை மட்டும் "ஏழாம் நம்பர்", "பத்தொன்பதாம் நம்பர்" என்பேன். வகுப்பில் யாரும் சிரித்ததில்லை, அவர்கள் வீட்டிலும் அம்மாமார் அப்படித்தான். கட்டினவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. படித்தவள் நீ, அதையெல்லாம் நம்பினாயா என்று கேட்டால், சத்தியமாக நம்பவில்லை. ஆனாலும் வாய் வராது. அப்படி வாய் வராமல் போனதால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருடம் அது. எங்கள் காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அவருடைய வேட்டியில் முன்பக்கம் துரு நிறத்தில் ஒரு கறை. சோப்புப் போட்டுக் கசக்கினால் விரலில் சிவப்பு வந்தது. ஈரக் கையோடு வேட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கே போய்விட்டேன்.

"இது என்னங்க?"

அவர் வேட்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "சூடு புள்ள. வெய்யில்ல நிக்கறமில்ல. ரெண்டு எளநி குடிச்சாச் செரியாப் போயிரும்."

"எத்தன நாளா?"

"ஒரு பத்து நாளிருக்கும்."

"பத்து நாளா மூத்தரத்துல ரத்தம் போவுது, ஊட்டுல ஒருத்தி இருக்கறாங்கற நெனப்பே இல்லீங்களா உங்களுக்கு?"

எவ்வளவு கோபம் வந்தாலும் எங்கள் பக்கத்தில் அந்த 'ங்க' மட்டும் போகாது. கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று கத்தினேன். மறுநாள் பக்கத்து ஊரான சித்தூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த மலையாளத்து டாக்டர் தங்கமான மனிதர். பின்பக்கம் விரல் விட்டுச் சோதித்தார். புராஸ்டேட் என்று ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம், வயதானால் அது வீங்குமாம், அதில் கேன்சர் வந்தால் விரலுக்குக் கல் மாதிரித் தட்டுப்படுமாம். இவருக்கு மெத்தென்று இருக்கிறது என்றார். ரத்தத்தில் இதற்கென்று ஒரு பரிசோதனை உண்டு, அதற்கும் எழுதிக்கொடுத்தார். அதுவும் நன்றாகவே வந்தது. "ஒன்னுமில்ல, பேடிக்கண்டா" என்று, பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி, இவர் முதுகில் தட்டி அனுப்பினார். வழியில் இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் நான் தோற்றுப்போய்விட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கட்டிலில் குப்புறக் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. ரத்தம் கட்டியாகி அடைத்துவிட்டது. வாடகைக் கார் பிடித்து வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக, ஒவ்வொரு குழிக்கும் அவர் "ஐயோ" என்றார். வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சர்ஜன் இருந்தார். குழாய் போட்டு மூத்திரத்தை இறக்கினார். இரண்டு நாள் கழித்து, விளக்கு வைத்த ஒரு குழாயை மூத்திரப் பாதைக்குள் விட்டுப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "சுரப்பி பெருசா வீங்கலீங்க. ஆனா பாதைக்குள்ள சேவக்கொண்டை மாதிரி ஒண்ணு வளந்து நிக்குது. அதுதான் ரத்தம் விடுது. சொரண்டி எடுத்திருக்கேன். என்னன்னு டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அந்தக் காலத்தில் அனுப்புவது என்றால் நாமே தூக்கிக்கொண்டு போவதுதான். அறுத்தெடுத்த சதையைப் பரிசோதிக்கிற லேப் ஊரின் மறுகோடியில் இருந்தது. நர்ஸம்மா ஒரு சின்னச் சீசாவைக் கையில் கொடுத்தார். மருந்துத் தண்ணீரில் நாலைந்து துணுக்குகள், ரப்பர் மூடி, மேலே பிளாஸ்திரி. கூடவே சர்ஜன் எழுதிய கடிதம். இரண்டையும் என் ஒயர் கூடைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். என் புருஷனின் சதையை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறேனே என்று நினைத்துக் கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கைச் சுளித்து, "என்னுங்க நாத்தம் இது?" என்றாள். மருந்து ஒழுகியிருந்தது.

லேப்பில் போய்க் கூடையைத் திறந்தேன். சீசாவில் துணுக்குகள் பத்திரமாக இருந்தன. கடிதம்தான் ஊறிப்போய், மசி இறங்கி, ஒரே நீலக் கறையாக இருந்தது. மேலே அச்சடித்த ஆஸ்பத்திரிப் பெயர் மட்டும் மிச்சம். கவுன்டரில் இருந்த கிளார்க் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"பேரு என்னுங்க?"

எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு காகிதம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதுவதற்கு எங்கள் பக்கத்தில் தடை ஒன்றும் கிடையாது. அது அந்த நிமிடத்தில் மண்டையில் உதிக்கவில்லை. ரசீதுக்குத்தானே கேட்கிறார், வந்து வாங்கிப் போகிறவள் நான்தானே என்று தோன்றிவிட்டது. என் பெயரைச் சொன்னேன்.

"வயசு?"

"நாப்பத்தி நாலுங்க." அதுவும் என் வயதுதான். அவருக்கு ஐம்பத்து மூன்று.

"எங்கிருந்து எடுத்ததுங்க அம்மிணி?"

பின்னால் நிற்கிற ஆண்பிள்ளைகள் முன்னால் எதைச் சொல்வது? குரலை இறக்கி, "ஒண்ணுக்குப் போற பாதைலீங்க" என்றேன். கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் நான் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. அவருக்குக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூத்திரம் தெளிவாக இறங்கியது. பத்தாம் நாள் நான் போய் ரசீதைக் காட்டி, சர்ஜன் விலாசம் போட்டு ஒட்டியிருந்த கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். இவரும் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் சர்ஜன் முன்னால் உட்கார்ந்தோம். அவர் கவரைக் கிழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அவர் பெரிதாகச் சிரித்தார்.

"மாத்திக் குடுத்துட்டாங்க. இது யாரோ ஒரு அம்மாவோட ரிப்போர்ட்டுங்க." என் பெயரை வாய்விட்டுப் படித்தார். "பெண், வயசு நாப்பத்தி நாலு. கர்ப்பப்பையோட உள்பக்கத்துல வர்ற கேன்சர் மாதிரி இருக்குதாம், அங்கிருந்து மூத்திரப் பாதைக்குப் பரவியிருக்கலாமாம். பாவம், யாரோ. ஆம்பளைக்கு ஏதுங்க கர்ப்பப்பை?"

இவரும் சிரித்தார். என் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. அதனால் இவர் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தேன். சர்ஜன் போனை எடுத்து லேப்பைக் கூப்பிட்டு, இவர் பெயரைச் சொல்லி, அந்தச் சீசா என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பெயரில் சீசாவே வரவில்லை என்றார்கள். சர்ஜனுக்கு ஆத்திரம். "தொலைச்சுட்டுப் பேசறாங்க பாருங்க" என்று போனை வைத்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயர் என் பெயர், கொடுத்தவள் நான், அந்தச் சீசாவில் இருந்தது இவர் சதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அந்த அறையில் என்னைத் தவிர இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள். ஆணுக்குக் கர்ப்பப்பை இல்லை என்று டாக்டரே சொல்கிறார். அப்படியென்றால் லேப்பில்தான் ஏதோ குளறுபடி, நான் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகிப் பேசிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பயம். அந்தக் காகிதம் இவருடையது என்று ஆகிவிட்டால் அதில் எழுதியிருக்கிற கேன்சரும் இவருடையதாகிவிடுமே என்ற பயம்.

சர்ஜன் சொன்னார்: "வெரல்ல பாத்தா மெத்துன்னுதான் இருக்கு. ரத்தப் பரிசோதனையும் நல்லாருக்கு. வளந்திருந்ததையும் சொரண்டியாச்சு. மறுபடி ஒரு துளி ரத்தம் வந்தாலும் ஓடி வந்துருங்க. மறுபடி எடுத்துப் பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் இவர் என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். தனக்கு இரண்டு சொல்லிச் சாப்பிட்டார். நான் என் தோசையைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். "என்ன டீச்சரம்மா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னதுல உங்களுக்கு வருத்தமாட்ட இருக்குது?" என்று கிண்டல் வேறு.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள். அந்த நாட்களில் நான் பட்டதை எதிரிகூடப் படக்கூடாது. காலையில் எழுந்ததும் அவர் வேட்டியைத்தான் பார்ப்பேன். அவர் வேலிப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலேயே போய், ஈர மண்ணில் நிறம் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பேன். அவர் வரப்பில் விசில் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். போதாததற்கு எனக்கே அடிவயிற்றில் வலி ஆரம்பித்துவிட்டது. என் பெயர் போட்டு, என் வயது போட்டு, கர்ப்பப்பைக் கேன்சர் என்று எழுதி வந்திருக்கிறது. ஒருவேளை அது எனக்கேதானோ? அப்படியே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும், எனக்கே வந்து தொலையட்டும், இவரை விட்டுவிடு என்று மாரியம்மனிடம் பேரம் பேசினேன். அறிவு கெட்டவள். அவர் உடம்பிலிருந்து எடுத்ததை என் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்ன வேண்டுதல் இது!

நாற்பத்தொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் களத்துக்குப் போகிற வழியில் மோட்டார் ரூம் பக்கம் பார்த்தால், இவர் தொட்டியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷர் வேட்டி துவைக்கிறார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதைக் குடுங்க இப்படி."

"சேறு புள்ள. கடலைக்காட்டுச் சேறு."

"கடலை புடுங்கி முடிஞ்சு மாசம் ரெண்டாச்சுங்க."

அவர் கொடுக்கவில்லை. நான் பிடுங்கினேன். துணியில் அதே துரு நிறம். நான் அந்தத் தொட்டி மேட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் நனைந்தது, கிளார்க் கேட்டது, நான் என் பெயரையும் என் வயதையும் கொடுத்தது, அந்த ரிப்போர்ட் மாறிப்போகவே இல்லை, அது அவருடையதுதான் என்பது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் வேட்டியை என் கையிலிருந்து வாங்கி முறுக்கிப் பிழிந்தார். கம்பி வேலியில் உதறிப் போட்டார்.

"செரி. காலம்பற மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார். அவ்வளவுதான்.

சர்ஜன் என்னை விட்டுவைக்கவில்லை. "படிச்சவங்கதானே நீங்க? புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கறவங்கதானே?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கேட்கட்டும். பிறகு அவரே எங்களைத் தன் காரில் லேப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே சதையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய டாக்டர் ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். அந்தச் சீசா ஒரு ஆணுடையது என்று கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எடுத்துவைத்திருந்த கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நோட்டை இழுத்து, என் பெயர் இருந்த வரியில் கோடு போட்டார்.

"சரியான பேரைச் சொல்லுங்கம்மா."

இவர் பக்கத்திலேயே நின்றார். அவரே சொல்லியிருக்கலாம், சர்ஜனும் சொல்லியிருக்கலாம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சொன்னேன். குரல் உடைந்து, பாதி காற்றாக வந்தது. டாக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒல்லி டாக்டர்தான் எங்களுக்கு விளக்கினார். வயிற்றில் உருவாகும்போது ஆண் பெண் இரண்டும் முதலில் ஒரே மாதிரிதானாம். பெண்ணுக்குக் கர்ப்பப்பையாக வளர்கிற பாகம் ஆணுக்கு வளராமல் நின்று, புராஸ்டேட்டுக்குள்ளே ஒரு சின்னக் குழியாக ஒட்டிக்கொண்டிருக்குமாம். கோடியில் ஒருவருக்கு அந்த இடத்தில் இப்படி ஒரு கேன்சர் வரும் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒன்றிரண்டு பேர் எழுதியிருக்கிறார்களாம், அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். இது சுரப்பியின் ஓரத்தில் கல்லாகக் கட்டாமல் பாதைக்குள் பூத்துக்கொண்டு வருவதால்தான் விரலுக்கு அகப்படவில்லை, ரத்தத்திலும் தெரியவில்லை. பல வருடம் கழித்து, இது கர்ப்பப்பை வகையே இல்லை, புராஸ்டேட்டின் குழாய்களில் பிறப்பதுதான் என்று டாக்டர்கள் மாற்றிச் சொன்னதாகப் படித்தேன். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது.

அது தெரியாததால் மருந்திலும் குழப்பம் வந்தது. புராஸ்டேட் கேன்சர் என்றால் அப்போது ஒரே வழிதான்: விதைகளை எடுத்துவிடுவது, பெண்களின் ஹார்மோன் மாத்திரை கொடுப்பது. இவருக்கு வந்ததோ கர்ப்பப்பை மாதிரியான ஒன்று. பெண் ஹார்மோனைக் கொடுத்தால் அதற்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று சர்ஜனுக்குப் பயம். "எனக்கே நிச்சயமாத் தெரியலீங்க" என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். டாக்டருக்கே தெரியாது என்று கேட்கிறபோது உண்டாகிற கலக்கம் இருக்கிறதே, அப்பா! மதராஸில் ஒரு பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதினார். பதில் வர எட்டு நாள். அதற்குள் மறுபடி குழாய் விட்டுச் சுரண்டி, இந்தத் தடவை இவர் பெயர் போட்டு அனுப்பினார். அப்போதும் நான்தான் கொண்டுபோனேன். சீசாவைத் தனியாகத் துணியில் சுற்றி, கடிதத்தை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். முதல் தடவை வந்தது தப்பாக இருக்கட்டும் என்று அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. அதே நோய், பெயர் மட்டும் அவருடையது.

மதராஸிலிருந்து மாத்திரை வேண்டாம், கோபால்ட் மெஷினில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் நீண்ட லீவு போட்டேன். ஊரில் மூத்திரப்பையில் கல் என்று சொல்லிவைத்தோம். கல்யாணமாகிப் போன மகளிடமும் அப்படித்தான் சொன்னோம். சைதாப்பேட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு ஆறரை வாரம் இருந்தோம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டே நிமிடம் அந்த மெஷினுக்கு அடியில் படுக்க வேண்டும். முதல் நாள் தடிமனான கதவைச் சாத்தி, அவரை உள்ளே தனியாக விட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மனிதர் நிற்கக்கூடாத இடத்தில் இவரை மட்டும் படுக்கவைக்கிறார்களே என்றிருந்தது.

மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மூத்திரம் போனால் மிளகாய் அரைத்த மாதிரி எரிகிறது என்றார். இடுப்புக்குக் கீழே தோல் கறுத்துப்போயிற்று. மோர்ச்சோறு தவிர எதுவும் இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அப்படியும் வாய் அடங்கவில்லை. "பொம்பளைச் சீக்காமா எனக்கு. உம்பேரக் குடுத்தவ, அதோட உஞ் சீக்கையுஞ் சேத்திக் குடுத்துட்டயா?" என்று கேட்டு அவரே சிரிப்பார். வார்டில் அடுத்த பெஞ்சில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கும். எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு நாள் என்று மனசு அதையே அரைத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அது எவ்வளவு வளர்ந்திருக்கும்? எங்கேயெல்லாம் போயிருக்கும்?

ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து, கோயம்புத்தூரில் சர்ஜன் மறுபடியும் விளக்குக் குழாயை விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பாதை சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, அத்தனை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், நான் மொதல்லயே சொல்லியிருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "இப்ப நல்லாருக்குதல்லங்க. அதப் பாருங்க" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அது போதும். பதில் புரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் பாலக்காட்டு வண்டிக்குக் காத்திருந்தோம். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவர் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு அழுவற? எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"டாக்டரு உம்பேரைப் படிச்சாரல்ல, அப்பவே. நாப்பத்தி நாலு வயசுன்னும் படிச்சாரு. நீ எம்பேரச் சொல்லியிருக்க மாட்டீன்னு எனக்குத் தெரியாதா? அது என்னுதுதான்னு அங்கயே தெரிஞ்சு போச்சு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா சிரிச்சீங்க? தெரிஞ்சுமா நெய் ரோஸ்ட் தின்னீங்க?"

"வேற என்னத்தப் பண்றது? அவரு இல்லைன்னாரு. இல்லைன்னே இருக்கட்டும்னு இருந்தேன். நீ எப்ப வாயத் தொறந்துருவியோ, எப்பத் தொறந்துருவியோன்னு தினமும் பயந்துட்டே இருந்தேன் புள்ள."

ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்ததைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் அதே ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறோம். நான் அவர் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல், "மனுசந்தானுங்களா நீங்க?" என்று கத்தினேன். முறுக்கு விற்கிறவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் அன்னிக்குச் சொல்லாமயே உட்டிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "நானும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். அந்த ஏழு வருடமும் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. அவர் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.